முப்பத்தொரு பெயர்கள்

கதவைத் திறந்தால் அப்பா நின்றார். கையில் ஒரு கறுப்புக் குப்பைப் பை, அதற்குள் அவருடைய துணிகள்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் என்னை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டபோது என் கையில் இருந்ததும் அதே மாதிரிப் பைதான்.

“தம்பி, ஊரைவிட்டு அனுப்பினவங்களுக்கு இந்த வீட்ல இடம் குடுப்பாங்கன்னு சொன்னாங்க,” என்றார்.

தம்பியாம்! பெற்ற மகனைப் பார்த்து.

அவரை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. நாலு மனைவிகள், முப்பத்தொரு பிள்ளைகள். நானும் இப்போது அரைக்கால் சட்டை, தோள்வரை முடி, காதில் வளையம். ஆனாலும் மனசு ஆறவில்லை. என்னை அடையாளம் கண்டு பெயர் சொல்லாதவரை இந்த ஆளை வாசல் தாண்ட விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பார்லியும் ஹீபரும் மக்ரோனித் தட்டுகளோடு என் பின்னால் வந்து நின்றார்கள். மூவருமே ஊர் துரத்திய பையன்கள். ஒருவருக்கு நாலு மனைவி என்றால் மூன்று பையன்கள் மிச்சம்தானே? அந்த மிச்சம் நாங்கள். ஊரையே ஆளும் எங்கள் சபைத் தலைவர், தீர்க்கதரிசி, அதை அப்படியே சொல்லி அனுப்ப முடியுமா? கூரை வேலையில் வெயில் தாங்காமல் சட்டைக் கையை மடித்தேன் என்று என்னை அனுப்பினார். பார்லி ஒரு சினிமா பார்த்தான். அதுவும் பாதிதான்.

“நான் யாருன்னு தெரியுதா?” என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “லமார் வீட்டுப் பையனா?”

ஹீபருக்குச் சிரிப்பில் புரையேறியது.

“பெரியவரே, எதுக்குத் துரத்துனாங்கன்னு சொன்னாத்தான் இங்க சாப்பாடு,” என்றான் பார்லி.

“காலை ஜெபத்துல எல்லாப் பிள்ளைங்க பேரையும் சொல்லுவேன். போனவன் பேரை விட்டுடுன்னு உத்தரவு. மூணு வருசமா பாக்கறேன், முடியல தம்பி. நடுவுல ஒண்ணை விட்டா அதுக்கு மேல ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது. பொறுத்துப் பாத்துட்டு, என்னை அனுப்பிட்டு, வீட்ல இருந்த பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாரையும் வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க.”

நாங்கள் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பையைக் கீழே வைத்தார். கைகளைக் கட்டி, கண்களை மூடினார்.

“ஹீலமன், ஈனோஸ், மொசாயா, ஆடா...”

மூச்சு விடாமல் போனார். பார்லி சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினான்.

பதினேழாவதாக “டியான்கம்” என்றார்.

பார்லியின் விரல் நின்றது. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அப்பா நிறுத்தவில்லை. மூடிய கண்ணோடு பதினெட்டு, பத்தொன்பது என்று என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அப்பா என்று கூப்பிட வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். நடுவில் குறுக்கிட்டால் மறுபடியும் ஹீலமனில் இருந்து ஆரம்பிப்பார்.

கதவை அகலமாகத் திறந்து பிடித்தபடி, முப்பத்தொன்று வரட்டும் என்று காத்திருந்தேன்.