ஸ்டீல் ஆகாதவள்

"உங்க உடம்புக்கு ஏதாவது ஒத்துக்காம போறதுண்டா?"

முட்டி மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாரிடமும் எலும்பு டாக்டர் கேட்கிற கேள்விதான்.

வாத்தியாரின் மனைவி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அண்ணிக்கு ஸ்டீல் ஆகாது டாக்டர். தொட்டாலே அரிப்பு. கல்யாணமான புதுசுலேருந்து வீட்டுப் பாத்திரமெல்லாம் எங்க அண்ணன்தான் தேய்க்கறார்."

டாக்டர் பேனாவை மூடினார். "நான் வைக்கப்போற முட்டியே உலோகம்தாம்மா."

"மரத்துல கிடைக்காதா?" என்று கேட்டார் வாத்தியார்.

"நான் கட்டில் செய்யலை சார்."

எதற்கும் சோதித்துவிடலாம் என்று மனைவியின் முதுகில் வரிசையாகப் பட்டைகள் ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உலோகம். எது ஆகாதோ அந்த இடம் சிவந்து தடிக்குமாம்.

பட்டையைப் பிரிக்கும்வரை வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சை எழுதியது அவள், ரிசல்ட்டுக்குப் பயந்தது இவர்.

முடிவைப் பார்த்த டாக்டர் சிரித்தார்.

"நிக்கல், கோபால்ட், குரோமியம்... எதுக்குமே சிவக்கலை. உங்களுக்கு எந்த உலோகமும் ஒத்துக்கும்மா. தைரியமா ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

சிவந்தது நாத்தனாரின் முகம்தான். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் ஆரம்பித்தாள்.

"அப்போ இத்தனை வருஷமும் நடிப்பா அண்ணி? ஸ்பூனைக்கூட கைக்குட்டையால பிடிச்சீங்களே. நாள் பூரா பள்ளிக்கூடத்துல கத்திட்டு வந்து எங்க அண்ணன் சிங்க்குல நிக்கறதைப் பார்த்துப் பார்த்தே எங்க அம்மா மனசு நொந்தே போய்ச் சேர்ந்தாங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதே," என்றார் வாத்தியார். "அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்."

நாத்தனார் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

"இவ வந்த புதுசுல வீட்டுல இருந்த அத்தனை பேர் பாத்திரத்தையும் அம்மா இவ தலையிலதான் கட்டினாங்க. ஒருநாள் தேய்ச்சுக்கிட்டிருக்கும்போதே சிங்க் மேல சாய்ஞ்சு நின்னபடி தூங்கிட்டா. பொண்டாட்டிக்கு நான் ஒத்தாசை பண்றேன்னு அம்மாகிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்லை. இவளுக்கு ஸ்டீல் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு அளந்துவிட்டேன். இவகிட்டயும் அதையேதான் சொன்னேன். பாவம், இன்னிக்கு வரைக்கும் அதை நிஜம்னே நம்பிட்டிருந்தா."

நாத்தனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் மனைவியின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோ. ஒண்ணுதான் எனக்கு இன்னும் புரியலை. லேசுல எதையும் நம்பாத எங்க அம்மா, நான் சொன்னதை மட்டும் எப்படி நம்பினாங்க?"

மனைவி மெல்ல நிமிர்ந்தாள்.

"எங்கே நம்பினாங்க? வாத்தியார் பொய் சொல்றார்னு உங்களுக்குப் பேர் வந்துடக் கூடாதேன்னு, அத்தை வர்ற சத்தம் கேட்டாலே அடுப்படிக்கு ஓடி, பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை எடுத்து என் கையை நானே தேய்ச்சு சிவக்க வச்சுக்குவேன்."