பதினாலாம் நம்பர் பெட்டி

"திருப்புளியைப் பையில வைங்க டெல்மர். முதல்ல காப்பி."

"முதல்ல பெட்டி, மிஸ் வெர்னா. காப்பி எங்கேயும் பறந்து போயிடாது."

"குருவி மட்டும் பறந்து போகுமாக்கும்? இருந்தாத்தானே!"

சொல்லிவிட்டு வெர்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்குப் பார்த்தா இந்தப் பேச்சு!

டெல்மர் எங்கள் கென்டக்கிப் பக்கத்து நீலக்குருவிச் சங்கத்தின் மேற்பார்வையாளர். சங்கத்தில் ஆள் ஒன்பது பேர். சட்டதிட்டப் புத்தகமோ பைபிளைவிடக் கனம். டெல்மர் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். நீலக்குருவி கூடு கட்டுவதற்காகத் தோட்டத்தில் வைக்கும் மரப்பெட்டியின் துவாரம் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் போச்சு. பாதிரியார் வீட்டுப் பெட்டியையே கழற்றிக்கொண்டு வந்த மனிதர். பாதிரியார் அடுத்த ஆறு ஞாயிறும் நரகத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார், அதுவும் டெல்மரைப் பார்த்தே.

அந்தப் புத்தகத்தில் ஒரு விதி. மூன்று வசந்தம் காலியாகக் கிடக்கும் பெட்டியை ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கழற்றி, வேறு தோட்டத்தில் நட வேண்டும். வெர்னாவின் பதினாலாம் நம்பர் பெட்டிக்கு இது மூன்றாவது வசந்தம். இன்று அந்தக் கடைசிச் சனி.

எங்கள் பக்கம் கல்யாணமான பெண்ணையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். வெர்னாவின் கணவர் காலமான பிறகு அந்த வீட்டுக்குத் தவறாமல் வருகிறவர்கள் இரண்டே பேர், தபால்காரரும் டெல்மரும். தபால்காரர் வண்டியை விட்டு இறங்கமாட்டார். டெல்மரோ சனிக்கிழமைதோறும் வந்து, பெட்டியைத் திறந்து, நோட்டில் 'காலி' என்று எழுதிவிட்டு, இரண்டு மணி நேரம் காப்பி குடிப்பார். பெட்டி போனால் சனிக்கிழமையும் போச்சு.

இருவரும் ஈரப் புல்லில் நடந்தார்கள்.

"நான் என்ன குறை வெச்சேன், சொல்லுங்க? தட்டு நிறைய மாவுப்புழு. நான் வெறும் சூப்பைக் குடிச்சுட்டுப் படுத்தேன், அதுங்களுக்குத் தினம் கல்யாண விருந்து!"

"விருந்தைத் தின்னது பூரா சிட்டுக்குருவி. அதுங்க இப்போ வாத்து சைஸுக்கு இருக்கு."

"ஆம்பளைக் குருவி வந்து பார்த்துட்டுத்தான் போச்சு."

"அவன் வருவான். வாயில ஒரே ஒரு புல்லைக் கவ்விக்கிட்டு, துவாரத்துல நின்னு, றெக்கையை ஆட்டிப் பந்தா பண்ணுவான். வீட்டைக் கட்டுறது பூரா அவள்தான்."

"எங்க வீட்லயும் அதே கதைதான்."

டெல்மர் சிரித்தார். பெட்டிக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பக்கத்துத் தெருவுல ஏழு வீடு பெட்டி கேட்டுக் காத்திருக்கு, மிஸ் வெர்னா. விதின்னா விதி. பாதிரியாருக்கே விட்டுக்கொடுக்கல."

"தெரியும். திறங்க."

வழக்கம்போல் இரண்டு முறை தட்டினார். பக்கவாட்டுக் கதவின் திருகைக் கழற்றினார். வெர்னா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

உள்ளே காய்ந்த புல்லால் ஒரு கூடு! வட்டமாக, கிண்ணம் போல, நடுவில் குழிவாக, அத்தனை அழகு.

"அடேயப்பா!" என்றாள் வெர்னா. பக்கத்துப் பண்ணையில் மாடுகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

டெல்மர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவேயில்லை.

"கையை விட்டுடாதீங்க. தாய்க்குருவி கோவிச்சுக்கும்," என்றாள் அவள். குறுக்கே கையையும் நீட்டினாள்.

"விடல, விடல."

கதவை மெல்ல மூடினார். நோட்டை எடுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். உரக்கப் படித்தும் காட்டினார்.

"பதினாலாம் நம்பர். நீலக்குருவிக் கூடு. முழுசா முடிஞ்சாச்சு. பெட்டியை எடுக்கக் கூடாது."

"முட்டை இல்லையே?"

"வரும். சில ஜோடி ரொம்ப யோசிச்சுத்தான் முடிவெடுக்கும். அவசரப்படுத்தக் கூடாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. கூடு இருந்தா வாரம் ஒரு தடவை பத்தாது. இனிமே புதன்கிழமையும் வந்து பார்க்கணும்."

"புத்தகத்துல அப்படி இருக்கா?"

"இன்னைக்கு ராத்திரி எழுதிச் சேர்த்துடுவேன்."

காப்பி அன்று மூன்று மணி நேரம் ஓடியது. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். வண்டியைக் கிளப்பிய டெல்மர், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை நீட்டினார்.

"கூடு பிரமாதம், மிஸ் வெர்னா. அடுத்த தடவை அந்தப் பச்சை நூலை மட்டும் விட்டுடுங்க. முப்பது வருஷத்துல ரெட்டை முடிச்சுப் போடுற குருவியை நான் பார்த்ததே இல்லை."