ரெண்டு இலையா, மூணு இலையா?

"ரெண்டு போதும்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க? இப்ப வந்து மூணு வேணுங்கறீங்க! இந்த வயசுல இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியலையா?"

"மெதுவாப் பேசும்மா. தெருவே கேக்குது."

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. படகுப் பட்டறை வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட வந்தவர்கள், கூடையைக் கீழே வைத்துவிட்டே கேட்டார்கள். புதிதாகக் குடிவந்தவள் மட்டும் ஏதோ பிள்ளைகுட்டி விவகாரம் என்று நினைத்து முகம் சிவந்தாள். மற்றவர்களுக்குத் தெரியும், சண்டை படகைத் தள்ளுகிற புரொப்பல்லர் விசிறிக்கு எத்தனை இலை என்பதைப் பற்றி.

படகுக்காரரை ஊரே கேப்டன் என்றாலும் அது வெறும் பேர்தான். மனிதர் காலமெல்லாம் ஓட்டியது ஆபீஸ் நாற்காலியை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு பாய்மரப் படகை வாங்கினார். உலகத்தையே சுற்றி வரப்போவதாகப் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். வழியனுப்பு விருந்தும் சாப்பிட்டாயிற்று, வீட்டைக் காலி செய்து அவரும் வீட்டம்மாவும் படகிலேயே குடியேறியாயிற்று. படகுதான் கரையில், இரும்பு முட்டுகளின் மேல், நின்ற இடத்திலேயே நின்றது.

கேட்டால் புரொப்பல்லர் என்பார். மூன்று இலை இன்ஜினுக்கு நல்லது; ஆனால் பாய் விரித்துப் போகும்போது சும்மா தொங்கிக்கொண்டு படகைப் பிடித்து இழுக்கும். மடங்குகிற இரண்டு இலை இழுக்காது. ஆனால் ரிவர்ஸில் மக்கர் பண்ணும், சிப்பி ஒட்டினால் விரியவே விரியாது. இப்படியே வருஷங்கள் ஓடின.

உண்மைக் காரணம் கடல்தான். அலைச் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலைச் சாத்துவார். ஊரெல்லாம் கேப்டன் கேப்டன் என்று கூப்பிட்ட பிறகு, பயமாயிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? முன்னால் கடல், பின்னால் மானம், நடுவில் மனிதர் மாட்டிக்கொண்டார்.

வீட்டம்மா விடுவதாயில்லை. "ஒருத்தர் திரும்பணும்னா இன்னொருத்தர் மூச்சை அடக்கணும். இதுல எத்தனை நாள் கிடக்கறது? அந்தத் துத்தநாகக் கட்டி மாதிரி நான் கரைஞ்சுக்கிட்டிருக்கேன்."

உப்புத் தண்ணீர் புரொப்பல்லரைத் தின்னாமலிருக்க, தான் அரிபட்டுக் கரைவதற்கென்றே மாட்டிவைக்கிற கட்டி அது. படகு தண்ணீரையே பார்க்காததால் கட்டி முழுசாக இருந்தது. அந்த அம்மாதான் இளைத்துப்போயிருந்தார்.

கடைசியில் வீட்டம்மாவே மெக்கானிக்கைக் கூட்டிவந்து மூன்று இலையை மாட்டச் சொன்னார். நட்டு கழன்றுவிடாதபடி குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் செருகி, முனையை மடக்கிவிட்டு, "இந்தப் பின் இருக்கிற வரைக்கும் இலை எங்கயும் போகாது சார்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலை படகைத் தண்ணீரில் இறக்கக் கிரேன் வர வேண்டும். காப்பி நீட்டிய வீட்டம்மாவின் விரலெல்லாம் கறுப்பு.

"என்ன கையில?"

"பால் சட்டி அடிப்பிடிச்சுப்போச்சு. சீக்கிரம் குடிங்க, கிரேன் வந்துரும்."

"கிரீஸ் சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்." கேப்டன் இடுக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அந்த ஒரு பின்னைப் பிடுங்கிவிட்டால் போதும், மானம் போகாமல் கரையிலேயே இருந்துவிடலாம்.

குனிந்து பார்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பின்னைக் காணோம்! நட்டு வெறும் விரலுக்கே சுழன்றது. முனையைச் சரியாக மடக்காத மெக்கானிக்குக்கு மனதார நன்றி சொல்லிவிட்டு, நல்ல பிள்ளையாக ஏறி வந்தார்.

படகு தண்ணீரில் இறங்கியது. தெருவே கையாட்டியது. கேப்டன் ரிவர்ஸ் போட, அடியில் 'லொடக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் மட்டும் கத்தியது, படகு அசையவில்லை. கேப்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நமக்குக் குடுத்துவைக்கலைங்க" என்று வீட்டம்மா மூக்கைச் சிந்தினார்.

படகைக் கிரேன்காரர் வாங்கிக்கொண்டார். எங்கள் தெருத் தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு, கைக்குக் கிடைத்த புரொப்பல்லரை மாட்டி, மறுவாரமே இருவரும் கடலோடு போய்விட்டார்கள். கேப்டனும் வீட்டம்மாவும் எந்த ஜன்னலிலும் கடல் தெரியாத மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள்.

அங்கே ஒருநாள் சட்டைப் பொத்தான் தேடி, தையல் டப்பாவைக் கவிழ்த்தார் கேப்டன். பொத்தான்களோடு வந்து விழுந்தது, கிரீஸ் காய்ந்த ஒரு பின்.

"அடிப்பாவி, நீயா? என் ஆயுசுக் கனவையே தண்ணியில போட்டுட்டியே!" சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்த வீட்டம்மா நிமிரவேயில்லை.

"அன்னிக்கு கிரீஸ் பாக்கப் போனவருக்கு இடுக்கி எதுக்குங்க?"