முதலாளிக்கு ஒரு ராணுவ வேலை

"ராணுவத்துக்கு ஆள் அனுப்புறதுல இந்த ஊர்ல என்னை மிஞ்ச எவனும் கிடையாது" என்றார் வெர்னான்.

பஸ் அப்போதுதான் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோருமே முதலாளிகள். அவர்களிடம் வேலை பார்த்துக்கொண்டே, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சிப்பாயாகவும் போய்வருகிற பையன்கள் ஒவ்வொருவர் கடையிலும் உண்டு. அந்தப் பையன்கள் முகாமில் படும் பாட்டை முதலாளிகள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் லீவு கேட்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ராணுவத்துக்கு ஒரு நம்பிக்கை. அதற்காகத்தான் இந்தப் பயணம். ஆளுக்கொரு விருது, மதியச் சாப்பாடு, ஹெலிகாப்டரில் ஒரு சுற்று.

வெர்னானுக்கு டயர் கடை. சட்டையில் கொடி, தொப்பியில் கொடி, கையிலிருந்த காபிக் கோப்பையிலும் கொடி. பார்த்தாலே சல்யூட் அடிக்கத் தோன்றும்.

"என் கடைல ட்ராவிஸ்னு ஒருத்தன். போகணுமா, போயிட்டு வாடான்னுடுவேன். எந்த வாரம் போறான், எப்ப வர்றான்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தேசம்னா சும்மாவா?"

சிலர் கைதட்டினார்கள்.

"அதெல்லாம் சரி வெர்னான், முதல் பனி விழுந்திருக்கு. பனிக்கான டயர் மாத்த இன்னிக்குக் கூட்டம் நெரியுமே?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"ஆள் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். கடை முக்கியமா, தேசம் முக்கியமா?"

மறுபடியும் கைதட்டல்.

பின் சீட்டில் பேக்கரி லொரெட்டா, மடியில் சின்னமன் ரோல் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் கேப்பேன்ப்பா. எந்த வாரம்னு கேட்டுட்டு, நல்லாத் திட்டவும் செய்வேன்" என்றாள்.

"திட்டுவியா?"

"பின்னே? எங்க கடைப் பையன் டேல் முகாமுக்குக் கிளம்பிட்டா, விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு மாவு பிசையறது யாரு, நீயா? இடுப்பு விட்டுப்போகுது. நேத்துகூடச் சொன்னேன், சிப்பாயை வேலையை விட்டு நீக்கக்கூடாதுங்கற சட்டம்னு ஒண்ணு இல்லேன்னா உன்னை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்டான்னு."

ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு சிப்பாயைப் போய்த் திட்டலாமா லொரெட்டா?" என்று வருத்தத்தோடு தலையாட்டிய வெர்னான், பக்கத்து சீட்டுக்காரரிடம் குனிந்து, "இவளுக்கெல்லாம் விருது கொடுத்தா அந்த விருதுக்கு என்ன மரியாதை?" என்றார்.

முகாமில் கேப்டன் ரேயஸ் என்ற பெண் அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"இன்னிக்கு இங்க சில பேருக்கு சார்ஜென்ட் பதவி கொடுக்கிறோம். இந்த ஒரு நாளுக்காக வருஷக்கணக்கா உழைச்ச பசங்க. நெஞ்சுல பதவிப் பட்டையை ஒட்டறது எப்பவும் நாங்கதான். இந்தத் தடவை அவங்க முதலாளி கையால ஒட்டணும்னு ஆசைப்படறோம்."

முதலில் டேல் பெயர். லொரெட்டா போனாள். பட்டை கோணலாக ஒட்டிக்கொண்டது. பிய்த்து மறுபடி ஒட்டினாள்.

"திங்கட்கிழமை கடைக்கு லேட்டா வந்தியோ, சார்ஜென்ட்டுன்னுகூடப் பார்க்கமாட்டேன், ஆமா" என்றாள்.

"திட்டிக்கிட்டே ஒவ்வொரு தடவையும் எங்க எல்லாருக்கும் ரோல் கட்டி அனுப்பறது இவங்கதான் மேடம்" என்று கேப்டனிடம் சொன்ன டேலுக்குக் கண் கலங்கியிருந்தது. லொரெட்டா அதைப் பார்க்காத மாதிரி இறங்கி வந்தாள்.

"அடுத்து ட்ராவிஸ். அவரோட முதலாளி வெர்னான் சார்!"

வெர்னான் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பத்திரிகைப் போட்டோக்காரரிடம் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடை ஏறினார். கேப்டன் பட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ட்ராவிஸ் வரவில்லை.

"எங்கே மேடம் என் பையன்?"

கேப்டன் விழித்தார். "உங்ககூட பஸ்ல வர்றான்னு நினைச்சோமே சார்? கடைல பேசிப் பார்த்துட்டு எப்படியும் வந்துடறேன்னு சொல்லியிருந்தான்."

வெர்னானுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால், போட்டோக்காரர் முன்னால், பையன் மானத்தை வாங்கிவிட்டான். போனை எடுத்தார். தான் எவ்வளவு கண்டிப்பானவர் என்று எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"எங்கேடா இருக்கே?"

பின்னணியில் டயர் நட்டு முடுக்குகிற மெஷினின் இரைச்சல். "கடைலதான் பாஸ். வாசல் வரைக்கும் வண்டி நிக்குது."

"கடைலயா? இன்னிக்கு உனக்குப் பட்டை ஒட்டற நாளுடா! ராணுவம்னா உனக்கு விளையாட்டாப் போச்சா?"

மெஷின் நின்றது.

"வியாழக்கிழமையே கேட்டேனே பாஸ்" என்றான் ட்ராவிஸ் மெதுவாக. "எனக்கு சனிக்கிழமை முகாமுக்குப் போயே ஆகணும், இந்த ஒரு தடவை விடுங்கன்னு கெஞ்சினேன். நீங்கதான் சொன்னீங்க, 'சனிக்கிழமை எனக்கே ராணுவ வேலை இருக்கு, கடையை நீதான் பார்த்துக்கணும், தேசம் முக்கியம்டா'ன்னு."