அக்கா கொஞ்சம் பொறுத்தாள்

காரின் வலது கதவில் அக்கா ஸ்பீக்கர், இடது கதவில் தங்கை ஸ்பீக்கர். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் ஜெசிந்தாவின் காதுக்கு அக்காவின் பாட்டே முந்திப் போய்விடும்.

“இடது ஸ்பீக்கர் பாடுறதே தெரியல, கழட்டிடுங்க” என்றாள் ஜெசிந்தா மெக்கானிக்கிடம்.

தங்கை அழுதாள். “நானும் பாடுறேன்க்கா. ரொம்ப தூரம் வரணுமே.”

“நீ கூடவே வர்றேன்னுல்ல நெனச்சேன்” என்றாள் அக்கா.

“கழட்ட வேண்டாம்மா. பக்கத்துல இருக்கறது கொஞ்சம் பொறுத்துப் பாடினா போதும்” என்று மெக்கானிக், வலது ஸ்பீக்கரின் ஒலி துளி தாமதமாக வரும்படி ஸ்டீரியோவில் மாற்றினார்.

பாட்டு தொடங்கியது. வாய்வரை வந்த முதல் சொல்லை அக்கா இமைப்பொழுது பிடித்துவைத்தாள். தங்கையின் குரல் நெருங்கியதும் விட்டாள்.

“யாரோ எதிர்ல நின்னு பாடுற மாதிரி இருக்கே. ரெண்டும் இருக்கட்டும்” என்றாள் ஜெசிந்தா.

“நான் வந்துட்டேனாக்கா?” என்று கேட்டாள் தங்கை.

“ஒண்ணாத்தான்டி வந்தோம்.”