ஒம்பதாவது லெவல்

பிலோமின்ராஜைக் கள்ளப் பயங்கிறே. கண்ணால பாத்தேங்கிறே. சரி பேட்ரிசியா, நீ பாத்ததை இல்லைன்னு நான் சொல்லலை. பாக்கியமேரி வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் அவகிட்ட போட்டுக் குடு.

நீ மாடிக்குக் குடி வந்து ரெண்டு மாசம். இந்த ஆட்டம் எங்க வீட்டுக் கூடத்துல நாலு வருஷமா நடக்குது, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு.

நம்ம தெருப் பையன்தான் பிலோமின்ராஜ். அவன் மாமாவுக்குக் கப்பல்ல வேலை. அவர் கொண்டாந்து குடுத்த இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கற ஆட்டம். போர்டு கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஒரு பேப்பர், அதுல ஒரு வீரன். பிலோமின்ராஜ் கதை சொல்லுவான். குகைம்பான், பூதம்பான். மத்தவனுங்க சண்டை போடுவானுங்க. இருபது மூஞ்சியில பகடை ஒண்ணு, பெரிய நம்பர் விழுந்தா வெட்டு படும். ஜெயிச்சா பாயிண்ட். பாயிண்ட் சேந்தா லெவல் ஏறும்.

எங்க வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருபத்தாறு வருஷம் ஒரே கிரேடு. மேல ஏத்தி ஆர்டர் வந்துச்சு, எப்போ? அவரை அடக்கம் பண்ணி பத்தாம் நாள். அந்தப் பேப்பரை வெச்சு நான் என்ன பண்ண? பீரோவுல கெடக்கு, அப்புறம் காட்டுறேன். எங்க விட்டேன்? ஆங், லெவல்.

ஒம்பதாவது லெவல் ஏறிட்டா, ராஜா கோட்டை கட்டிக்க இடம் குடுப்பாராம். சகாயநாதன் எட்டுல இருந்தான். பாக்கியமேரிக்கு ஒரே மவன். புருஷன் இல்லாதவ. "அம்மா, ஒம்பது ஆகட்டும். கோட்டையில முதல் ரூம் உனக்குத்தான்"னு கேலி பண்ணிட்டே இருப்பான்.

எண்பத்திமூணுல கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனான். மூணாம் நாள்தான் கெடைச்சான்.

ஏழாம் நாள் பூசை முடிஞ்ச கையோட அவ மவன் பேப்பரை எடுத்துட்டு வந்தா. "தம்பி, இவனை நான் ஆடுறேன். சொல்லிக் குடு"ன்னா. தெருவே சிரிச்சுது. அந்தப் பேப்பர்ல எட்டுங்கிறது ஒண்ணுதான் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

அன்னைலேருந்து எட்டு எட்டாவே நிக்குது. மூணுல இருந்தவனெல்லாம் பத்துக்குப் போயிட்டான். இவ மவன் மட்டும் ஏறலை. ஒரு வாரம் நாப்பது பாயிண்ட் குறையும். ஒரு வாரம், பேய் வந்து தொட்டுச்சு, இருந்த பாயிண்ட்டை உறிஞ்சிடுச்சும்பான். அவளும் "சரி தம்பி, அடுத்த வாரம்"னு எந்திரிச்சுப் போவா.

நானும் பாத்தேண்டி. காலண்டர் அட்டையை மறைப்பா வெச்சுட்டு அவளுக்கும் இவனே உருட்டுவான்ல? ஒரு நாள் காப்பி வெக்கக் குனிஞ்சேன். இருபது விழுந்து கெடக்கு. "மூணு. வெட்டு படலை"ங்கிறான், கூசாம.

ஆட்டம் முடிஞ்சு வாசக் கேட்டு வரைக்கும் விரட்டிட்டுப் போனேன். "செத்த பயலுக்குக் காயிதத்துல ஒரு லெவல் குடுக்க உனக்கு என்னடா வலிக்குது? உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"பாட்டி, மொத நாளே என்கிட்ட கேட்டாங்க, ஒம்பது ஆக எத்தனை வாரம் ஆகும்னு. ஏம்மான்னேன். அவன் கோட்டைக்குப் போயிட்டா எனக்கு இங்க வேலையில்ல தம்பி, நானும் கிளம்பிடுவேன்னாங்க. தொட்டியத்துல அண்ணன் தோட்டத்துலேருந்து வாழைக்கு அடிக்கிற மருந்து கொண்டாந்து வெச்சிருக்காங்க."

நான் நம்பலை. மறுநாள் உப்பு கேக்கற சாக்குல போனேன். அரிசிப் பானைக்குப் பின்னால இருந்துச்சு. எடுத்துக் கொட்டிட்டேன். அடுத்த மாசம் பாத்தா, புது டப்பா. சாமியார் வந்து புத்தி சொன்னாரு. எல்லாத்துக்கும் தலையாட்டினா. டப்பா மட்டும் போகலை.

பிலோமின்ராஜுக்குத் திண்டுக்கல்ல வேலையாயிடுச்சு. வாராவாரம் பஸ் ஏறி வர்றான், இவளை ஏமாத்துறதுக்குன்னே. வர்ற வழியில மணப்பாறையில முறுக்கு வாங்கியாரான், அதுவும் நமத்துப் போனதாப் பாத்து. போன வாரம் ஒம்பதாவதுக்கு எட்டுப் பாயிண்ட்தான் குறைஞ்சுது, தெரியுமா?

கேட்டுச் சத்தம் கேக்குதா? அவதான். போ, போய்ச் சொல்லு.

என்ன, உக்காந்துட்டே?

"வா பாக்கியம். வராந்தா ஜன்னல்ல பகடை டப்பா இருக்கு பாரு, உள்ள எடுத்துட்டு வா. இன்னைக்காவது ஒம் மவன் ஏறுறானான்னு பாப்போம்."