கரடி நாற்காலியில் உட்காருவதற்குள்

"அந்தக் கரடி கதையைச் சொல்லுய்யா," என்றார் வெர்னா, தொலைபேசியில்.

லைலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். இருமினால் அரை மணி நேரம் போய்விடும். அடக்கிக்கொண்டார்.

கனடாவின் கம்லூப்ஸ் ஊரைச் சுற்றிக் காடு பற்றி எரிந்து, எதிர்மலை புகையில் காணாமல் போய்ப் பதினோரு நாளாகிறது. அன்றிலிருந்து தினமும் மதியம் வெர்னா கூப்பிடுகிறார். தினமும் அதே கரடியைக் கேட்கிறார்.

போன கோடைப் புகையில் புருஷன் ஒரெஸ்ட் செத்ததிலிருந்து பாவம், வெர்னாவுக்கு மறதி பிடித்துவிட்டது என்று லைல் முடிவு கட்டியிருந்தார்.

புகைக்கு முன்னால், இந்நேரம் எதிர் டிரெய்லர் வீட்டில் வெர்னாவின் மேஜையில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் துளை போட்ட பலகையில் ஒரு குச்சியை நகர்த்த வேண்டும். வெர்னா நகர்த்தும்போது கள்ளத்தனமாக ஒரு துளை கூடவே போகும்.

இப்போது லைல் வாசலைத் தாண்டக் கூடாதென்பது டாக்டர் உத்தரவு. முப்பத்தைந்து வருஷம் மில்லில் மரத்தூள், அதற்கு மேல் சிகரெட் என்று தின்று தீர்த்த நுரையீரல்.

புகைக்காக ஜன்னலைச் சாத்தினால் வீடு வெந்தது. வெளியே நாற்பது டிகிரி. உள்ளே மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் வேறு, தன் பங்குக்கு அனல் ஊதிக்கொண்டிருந்தது. காலையில் அதை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம்தானே.

யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குத் தெரிந்தால் கால்கரியிலிருந்து கிளம்பி வந்துவிடுவாள். அவள் சமையலைச் சாப்பிட வேண்டிவரும்.

"நேத்துதானேம்மா சொன்னேன்?"

"மறந்துபோச்சு. முதல்லேருந்து சொல்லு, முழுசா."

லைல் ஆரம்பித்தார். எழுபத்தொன்பதாம் வருஷம். மில்லில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. மேஸ்திரி கக்கூஸுக்குப் போயிருந்தார். பின்கதவு திறந்து கிடந்தது.

கொஞ்சம் நின்றார்.

டக் என்று ஒரு சத்தம் போனில் கேட்டது.

கறுப்புக் கரடி ஒன்று உள்ளே வந்தது. நல்ல வளர்ந்த கரடி. மேஸ்திரியின் டப்பாவை மோந்து பார்த்தது.

டக்.

கரடி டப்பாவைத் திறப்பதற்குள் இன்னும் பல டக். வெர்னா தனியாக உட்கார்ந்து பலகையில் குச்சி நகர்த்துகிறார் போலிருக்கிறது. கதையைக் கேட்டு வாங்கிவிட்டு இதென்ன மரியாதை என்று லைலுக்குக் கோபம் வந்தது. கேட்கலாமென்று பார்த்தால், கேட்கவும் கதை சொல்லவும் சேர்த்து மூச்சு போதவில்லை.

டப்பாவில் முட்டை சாண்ட்விச். டக். கரடி அதை எடுத்தது. டக். நேராக மேஸ்திரியின். டக். நாற்காலிக்கு.

"ஒரு நிமிஷம் இருய்யா. அடுப்புல பானை இருக்கு," என்றார் வெர்னா.

நல்லதாகப் போயிற்று. லைல் மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டார். விரல் நகங்கள் நீலமாக இருந்தன. அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

கதையின் உச்சமே இனிமேல்தான். கக்கூஸிலிருந்து திரும்பிய மேஸ்திரி, முதுகை மட்டும் பார்த்துவிட்டு, "எழுந்திருடா சோம்பேறி" என்று அதட்டுவார். கரடியும் எழுந்திருக்கும்.

அதைச் சொல்லக் காத்திருந்து பத்து நிமிஷமானபோது கதவு திறந்தது.

ஆம்புலன்ஸ்காரப் பெண் ஒருத்தி அவர் மூக்கில் குழாயை மாட்டினாள். இன்னொருவன் ஸ்ட்ரெச்சரை விரித்தான். அவர்களுக்குப் பின்னால், வீட்டுச் செருப்போடு வெர்னா. கையில் சீட்டுப் பலகை.

"எத்தனை நாளா இப்படி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

லைல் கையை வீசினார். நல்லாயிருக்கேன் என்றார்.

வெர்னா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரே கதைம்மா. நடுவுல எத்தனை தடவை மூச்சுக்கு நிக்கிறார்னு எண்ணிட்டு வரேன். திங்கக்கிழமை அஞ்சு. நேத்து ஒன்பது. இன்னிக்குக் கரடி நாற்காலியில உக்கார்றதுக்குள்ளயே பதினாலு."

லைல் பலகையைப் பார்த்தார். குச்சி பதினாலாவது துளையில் நின்றது. இந்த முறை கள்ளத்தனம் எதுவும் இல்லை.

இயந்திரத்தை அணைத்ததை அவராகவே சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வெர்னா."

வெர்னா அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"போன கோடையில ஒரெஸ்ட்கிட்ட தினமும் அதைத்தான்யா கேட்டேன்."